பழைய சிலிக்கான் ட்யூப்: மெத்தென்று இருந்தால் மட்டும் போதாது

கேள்வி: வாஷ்பேசின் ஓரத்தில் பூச வாங்கிய சிலிக்கான் சீலன்ட் ட்யூப் ஒன்று இரண்டு வருடமாக அலமாரியில் கிடக்கிறது. பிரிக்கவே இல்லை. அமுக்கிப் பார்த்தால் மெத்தென்றுதான் இருக்கிறது. பூசலாமா, தூக்கிப் போட்டுவிடலாமா?

பதில்: இரண்டும் இப்போது வேண்டாம். முதலில் உடைந்த டைல்ஸ் துண்டு ஒன்றில் பூசி, ஒன்றிரண்டு நாள் வைத்துப் பாருங்கள்.

உள்ளேயே கல்லாகிவிட்ட ட்யூபால் தொல்லை இல்லை. ட்யூபை மாட்டி அழுத்தும் கன்னை (துப்பாக்கி வடிவக் கருவி) அழுத்தினால் நகராது, குப்பைக்குப் போய்விடும். ஏமாற்றுவது இன்னொரு வகை. புதிது போலவே வழவழவென்று வரும், ஆனால் இறுகவே இறுகாது. சிலிக்கான் பெயின்ட் மாதிரி உலர்வதில்லை. காற்றிலுள்ள ஈரத்தோடு வினைபுரிந்துதான் ரப்பராகிறது. பிளாஸ்டிக் ட்யூபுக்குள்ளும் ஈரம் துளித்துளியாக நுழைவதால், இறுக வைக்கும் பொருள் மூடியைத் திறக்காமலேயே தீர்ந்துகொண்டு வரும். வெயில் படும் இடமென்றால் இன்னும் சீக்கிரம்.

இதில் நானும் பட்டிருக்கிறேன். பழைய ட்யூபை நம்பி சிங்க் ஓரம் முழுக்கப் பூசினேன். மறுநாள் தொட்டால் விரலோடு நூல் நூலாக வந்தது. மூன்றாம் நாளும் அதே கதைதான். பூச பத்து நிமிடம், சுரண்ட அரை நாள். அந்தப் பிசுக்கு கொஞ்சம் மிச்சமிருந்தாலும் புது சிலிக்கான் அதன்மேல் ஒட்டாது.

ட்யூபின் அடியில் தேதி இருக்கும். அது தயாரித்த தேதியா, காலாவதித் தேதியா என்று கவனியுங்கள். பல வகைகளுக்கு ஆயுள் சுமார் 12 மாதம்தான். உங்களுடையது அநேகமாகத் தாண்டியிருக்கும், ஆனாலும் தேதியை மட்டும் பார்த்து எறிய வேண்டியதில்லை.

முனையை வெட்டி, முதலில் வரும் கொஞ்சத்தைத் தள்ளிவிட்டு, 5 மில்லிமீட்டர் தடிமனில் ஒரு கோடு இழுங்கள். கட்டி கட்டியாகவோ, எண்ணெய் போலத் தனியே பிரிந்தோ வந்தால் அங்கேயே நிறுத்திவிடலாம். வினிகர் வாடை வராவிட்டால் பயப்படாதீர்கள். அந்த வாடையே இல்லாத வகையும் உண்டு.

அரை மணி நேரம் கழித்து மெல்லத் தொட்டுப் பாருங்கள். ஆறிய பாலில் போல மேலே ஏடு படிந்திருக்க வேண்டும். சில மணி நேரமாகியும் ஏடு வராவிட்டால் அது தேறாது. மறுநாள் பிளேடால் குறுக்கே வெட்டுங்கள். ஒரு நாளில் 2 முதல் 3 மில்லிமீட்டர்தான் இறுகும் என்பதால் உள்ளே கொழகொழப்பு இருக்கலாம். இன்னொரு நாள் விடுங்கள். அப்புறம் டைல்ஸிலிருந்து பிய்த்துப் பாருங்கள். ரப்பராக இழுபட்டு, வர மறுத்தால் நல்லது. ஸ்டிக்கர் போலச் சட்டென்று உரிந்தால் வேண்டாம்.

தேறினால் பேசின் ஓரத்துக்குத் தாராளமாகப் பூசலாம். கசிந்தால் கீழ்த்தளத்துக் கூரையில் இறங்கும் ஷவர் மூலை என்றால், நான் புது ட்யூப்தான் வாங்குவேன்.

சோதனை தேறியதும் வேலையைத் தள்ளிப்போடாதீர்கள். முனையை வெட்டிவிட்டதால் அங்கிருந்து இறுகத் தொடங்கியிருக்கும். முனையில் அடைப்பு விழுந்திருந்தால் நீளமான ஸ்க்ரூவைத் திருகி இழுங்கள், மொத்தமாக வந்துவிடும்.