தும்பியை எல்லோரும்தான் பார்த்தார்கள்

கேள்வி: கையால் நகை செய்யும் கலைஞர் ஒருவரின் பேட்டியைப் படித்தேன். 'உங்களுக்கு உத்வேகம் எது?' என்று கேட்டதற்கு 'இயற்கை' என்று ஒரே சொல்லில் முடித்துக்கொண்டார். உண்மையில் இவர்களுக்குக் கற்பனை எங்கிருந்து வருகிறது? இவர்கள் எப்படிப்பட்ட பின்னணியிலிருந்து வருகிறார்கள்? உங்களுக்குப் பிடித்த நகைக் கலைஞர் யார்?

பதில்: 'இயற்கை' என்ற அந்தப் பதிலோடு எனக்கு நெடுநாள் பகை. இந்தப் பக்கத்திலேயே முன்பும் சண்டை போட்டிருக்கிறேன். சொல்பவர்மீது எனக்குக் கோபம் இல்லை. நாள் முழுக்கக் குனிந்து வேலை செய்பவரிடம் திடீரென்று மைக்கை நீட்டினால் அவர் வேறு என்ன சொல்வார்? அந்த ஒரு சொல்லை வாங்கிக்கொண்டு நிம்மதியாக அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறாரே, அந்தப் பேட்டியாளர்மீதுதான் கோபம்.

லிஸ்பனில் உள்ள குல்பென்கியன் அருங்காட்சியகத்தில் பிரெஞ்சு நகைக் கலைஞர் ரெனே லாலிக் செய்த மார்பணி ஒன்று இருக்கிறது. 1897-98 வாக்கில் செய்தது. தும்பியின் வாயிலிருந்து ஒரு பெண் மேலெழுகிறாள். இருபுறமும் இறக்கைகள் விரிந்திருக்கின்றன. அதைப் பார்த்தவுடன் 'ஆகா, இயற்கை!' என்பது எளிது. ஆனால் தும்பியை எல்லோரும்தான் பார்த்தார்கள். அந்த இறக்கையின் ஊடே வெளிச்சம் போகவேண்டும் என்றால் உலோகத்தில் என்ன செய்வது என்பதல்லவா கேள்வி? தங்கத்தில் நரம்பு நரம்பாகச் சிறு அறைகள் அமைத்து, கண்ணாடித் தூளைக் குழைத்து நிரப்பி, சூளையில் சுட்டு எடுக்கவேண்டும். அறைகளுக்குப் பின்னால் தகடு நிற்கக் கூடாது. நின்றால் வெளிச்சம் செத்துவிடும். தாங்கிப் பிடிக்க எதுவும் இல்லாமல் கண்ணாடி தானாக நிற்கவேண்டும். கொஞ்சம் அவசரப்பட்டு ஆறவிட்டால் விரிசல். லாலிக்கின் கற்பனை இந்த இடத்தில்தான் வேலை செய்தது. அவர் 1876இல், பதினாறாம் வயதில், பாரிஸில் லூயி ஒக்கோக் என்ற நகைக்காரரிடம் தொழில் பழகச் சேர்ந்தவர் என்பதை இதோடு சேர்த்துப் படியுங்கள்.

உத்வேகத்தைக் கொடுப்பதில் பாதிப் பங்கு உலோகத்துக்கே உண்டு என்பது என் கட்சி. வெள்ளிக் கம்பியைக் கம்பியச்சின், அதாவது ஒன்றைவிட ஒன்று சிறிதாகத் துளைகள் போட்ட எஃகுத் தகட்டின், துளைகளில் வரிசையாக இழுத்துப் பாருங்கள். சில துளைகள் தாண்டியதும் கம்பி முறுக்கேறி முரண்டு பிடிக்கும். மேலும் இழுத்தால் அறுந்துபோகும். நெருப்பில் காட்டி மங்கிய சிவப்பு ஏறும்வரை சூடாக்கித் தணித்தால் மறுபடி இளகிக் கொடுக்கும். அந்தச் சிவப்பு நல்ல வெளிச்சத்தில் கண்ணுக்குப் படாது. அதனால்தான் பட்டறையில் அந்த மூலையை அரை இருட்டாக வைத்திருக்கிறார்கள். நிறத்தைத் தவறவிட்டுச் சூடு 962 டிகிரி செல்சியஸை எட்டினால் சுத்த வெள்ளி உருகிவிடும். செம்பு கலந்த வெள்ளி அதற்கும் முன்பே உருகத் தொடங்கிவிடும். பற்றவைக்கும்போதும் இதே கதைதான். இணைப்பில் பூசும் வெங்காரம் முதலில் வெள்ளையாகப் பொங்கி, பிறகு அடங்கிக் கண்ணாடிபோல் மின்னும். துண்டுகளை இணைக்க வைக்கும் உலோகக் கலவையான பற்று, உருகியதும் நாம் வைத்த இடத்தில் நிற்காது; சூடு அதிகமான பக்கம் ஓடிவிடும். தீயை எந்தப் பக்கம் காட்டுகிறோம் என்பதிலேயே நகையின் வடிவம் பாதி தீர்மானமாகிவிடுகிறது. அடுத்த பேட்டியில் இதைக் கேளுங்கள் ஐயா! எந்த இணைப்பு உங்களுக்கு அடங்கவில்லை, எந்தக் கருவியை நீங்களே செய்துகொண்டீர்கள், உருக்கிப்போட்ட நகை எது என்று கேளுங்கள். பதில் ஒரு சொல்லில் வராது.

கி.மு. ஏழாம் நூற்றாண்டிலேயே இத்தாலியில் வாழ்ந்த எட்ரஸ்கன் என்ற பழங்கால மக்களின் பொற்கொல்லர்கள் கால் மில்லிமீட்டருக்கும் குறைந்த தங்க மணிகளைத் தகட்டின்மேல் கோலம்போல் பதித்தார்கள். மணி உருட்டுவது பெரிய ரகசியமில்லை. தங்கத் துணுக்குகளைக் கரித்தூளில் புதைத்து உருக்கினால் தாமாகவே உருண்டுகொள்ளும். மணி மூழ்காமல் ஒட்டியது எப்படி என்பதுதான் மர்மம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ரோமின் கஸ்தெல்லானி என்ற நகைக்காரக் குடும்பம் இதற்காகவே ஆண்டுக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டது. அழகான நகைகள் செய்தார்கள். அந்தப் பழைய நுணுக்கம் மட்டும் கைகூடவில்லை. 1930களில் லிட்டில்டேல் என்ற ஆங்கிலேயர் ஒரு வழி கண்டார். செம்பு உப்பைப் பசையோடு கலந்து மணிகளை ஒட்டவைத்துச் சூடாக்கினார். பசை கரியானது, கரி செம்பைப் பிரித்தெடுத்தது, அந்தத் துளிச் செம்பு, தங்கம் உருகும் சூட்டுக்கு முன்பே மணியையும் தகட்டையும் இணைத்துவிட்டது. இரண்டாயிரம் ஆண்டுக்கும் முந்தைய ஒருவரின் கைவேலை, முகம் தெரியாத இன்னொருவரை இப்படி ஆட்டிவைத்தது. இதைவிடப் பெரிய உத்வேகம் எனக்குத் தெரியாது.

பின்னணி கேட்டீர்கள். பொற்கொல்லர் பட்டறையிலிருந்து யார்தான் வரவில்லை? பிளாரன்ஸ் பேராலயத்தின் பிரம்மாண்டக் கவிமாடத்தை எழுப்பிய புரூனெலெஸ்கி பொற்கொல்லராகப் பயின்றவர். ஜெர்மானிய ஓவியர் டியூரர் பொற்கொல்லரின் மகன். செப்புத் தகட்டில் கோடு கீறும் உளியைப் பிடிக்க அப்பாவின் பட்டறையிலேயே பழகியவர். ஐரோப்பாவில் அச்சுக்கலையைத் தொடங்கிவைத்த கூட்டன்பர்க்குக்கும் மணிக்கல் பட்டைதீட்டும் வேலை தெரியும். எஃகு முனையில் ஓர் எழுத்தை இடவலம் மாற்றிச் செதுக்கி, அதைச் செம்பில் அடித்துப் பள்ளமாக்கி, அதில் ஈயக் கலவையை வார்த்தால் அச்செழுத்து. முழுக்க முழுக்கப் பொற்கொல்லர் கை அது. பத்திரிகைக்காரன் என்ற முறையில் அந்தக் கைக்கு நான் கடன்பட்டவன். எழுத்தின் சுழியும் கொம்பும் கோணலாக அச்சாகியிருப்பதைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருவதும் அதனால்தான். இருக்கட்டும், அதைத் தனியாக ஒருநாள் பேசவேண்டும்.

எனக்குப் பிடித்தவர் அமெரிக்கச் சிற்பி அலெக்சாண்டர் கால்டர். காற்றில் அசையும் சிற்பங்களுக்காக உலகம் அவரை அறியும். அவர் ஏறத்தாழ 1,800 நகைகள் செய்தவர் என்பது பலருக்குத் தெரியாது. தெருவில் மின்வேலை செய்தவர்கள் விட்டுப்போன செம்புக் கம்பித் துண்டுகளைப் பொறுக்கி, அக்காவின் பொம்மைகளுக்கு நகை செய்ததில் ஆரம்பித்தவர். பிறகு இயந்திரப் பொறியியல் படித்தார். பெரும்பாலும் பித்தளை, வெள்ளிக் கம்பிகள்தான். பற்றவைப்பதை முடிந்தவரை தவிர்த்தார். அதனால் ஒவ்வொரு துண்டும் அடுத்ததை வளைந்தோ சுருண்டோ தானே கவ்விப் பிடிக்கவேண்டியிருந்தது. அந்தப் பெரிய சுருள்களெல்லாம் அப்படி வந்தவை. சுத்தியல் தழும்புகளை அவர் மறைக்கவும் இல்லை. எங்காவது அவருடைய நகையைப் பார்க்கக் கிடைத்தால் முன்பக்கத்தை விட்டுவிட்டுப் பின்பக்கமாகப் போய் நில்லுங்கள். கம்பியின் நுனி எங்கே போய் எதைப் பிடித்திருக்கிறது என்பது அங்கேதான் தெரியும்.