அண்ணாச்சியிடம் கேளுங்கள்

கேள்வி: அண்ணாச்சி, ‘லேடி சாட்டர்லியின் காதலன்’ நாவலை பிபிசி 2015-இல் டிவி படமாக எடுத்ததைப் பார்த்தேன். இதையா தடை செய்தார்கள்? நம்ம பக்கத்து ரப்பர் தோட்டக் கதையாக மாற்றி சீரியல் எடுத்தால் ஓடுமா?
- வாசகி, மார்த்தாண்டம்

பதில்: நீங்கள் பார்த்தது கெட்ட வார்த்தைகளை வடிகட்டிய பதிப்பு. நாவலை எழுதிய டி.எச். லாரன்ஸ் 1928-இல் அதை இத்தாலியில் ஃபுளோரன்ஸில் சொந்தமாக அச்சடித்தார். 1960-இல் லண்டனில் வழக்கு வந்தபோது அரசு வக்கீல் ஜூரிகளிடம், இதை உங்கள் மனைவியோ வேலைக்காரர்களோ படிப்பதை விரும்புவீர்களா என்று கேட்டார். வேலைக்காரன் படித்துவிடுவானே என்பதுதான் பயம்! அங்கே பதிப்பாளர் தப்பித்தார். இங்கே 1964-இல் அதை விற்ற பம்பாய் கடைக்காரரின் தண்டனையை சுப்ரீம் கோர்ட் உறுதி செய்தது.

என்னைக் கேட்டால் அந்த நாவலின் உயிர் படுக்கையறையில் இல்லை, பேச்சில் இருக்கிறது. லேடி சாட்டர்லியான கானி காதலிப்பது தன் வீட்டுக் காட்டுக் காவல்காரன் மெல்லர்ஸை. அவன் பட்டாளத்தில் லெப்டினன்ட்டாக இருந்தவன், துரைமார் இங்கிலீஷும் தெரியும், ஆனால் கானியின் அக்கா ஹில்டா குடிசைக்கு வந்து உட்கார்ந்ததும் வேண்டுமென்றே வட்டாரப் பேச்சில் இறங்குகிறான். எதற்கு யார்க்‌ஷயர் பேசுகிறாய் என்று அவள் கேட்க, இது யார்க்‌ஷயர் இல்லை, டெர்பி என்று திருத்துகிறான். கேரள எல்லையோரத்து விளவங்கோட்டுக்காரரிடம் ‘நீங்க மலையாளமா?’ என்று கேட்டுப் பாருங்கள், அதே முகம்தான்.

சரி, நம்ம சீரியலில் முதலில் வெட்டுப்படுவது நம்ம ஊர்ப் பேச்சின் ‘எனக்க’, ‘ஒனக்க’தான். விடியுமுன் நெற்றியில் லைட் கட்டிக்கொண்டு பால் வெட்டப் போகிறவனும் முதலாளியம்மாவும் ஒரே சென்னைத் தமிழில் ‘என்னோட’, ‘உன்னோட’ என்று பேசினால், அப்புறம் நடுவில் என்ன மதில் இருக்கிறது? அதோடு இங்கே பணம் மட்டும் மதில் இல்லை. நாடார் பெண்கள் தோள்சீலை போடும் உரிமைக்கே 1859 வரை கலகம் நடந்த மண், சாதியைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது. சொல்ல எந்தச் சேனல் துணியும்? ஒரு மாமியாரைச் சேர்த்தால் ஐநூறு எபிசோடு ஓடும், நான்தான் பார்க்கமாட்டேன்.

கேள்வி: அந்த நாவலில் இருவரும் கடைசியில் சேர்கிறார்களா?
- வாசகர், தக்கலை

பதில்: இல்லை. அவள் வயிற்றில் பிள்ளையோடு ஓரிடம், அவன் வேறிடத்தில் பண்ணை வேலை, ரெண்டு பேருக்கும் விவாகரத்து வரவில்லை. அவன் எழுதும் கடிதத்தோடு முடிகிறது. சீரியல்காரர்கள் இதைப் படித்தால் ‘தொடரும்’ போட்டுவிடுவார்கள்.