நூலக ஆணையும் பைண்டிங் கடையும்

அன்புள்ள ஐயா,

நூலக நிதியைக் குறைக்கக் கூடாது என்று எழுதியிருந்தீர்கள். வாசகர்களுக்காகச் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் பதிப்பாளர்களும் பாதிக்கப்படுவார்கள் என்றது உறுத்துகிறது. அரசு வாங்கும் என்று நம்பிப் புத்தகம் போடுவது ஒரு தொழிலா? நல்ல புத்தகம் கடையில் விற்காதா?

– ஒரு வாசகர், தென்காசி

அன்புள்ள நண்பருக்கு,

நியாயமான கேள்விதான். நூலக ஆணைக்காகவே, அதாவது பொது நூலகங்களுக்கு அரசு மொத்தமாகப் புத்தகம் வாங்கும் உத்தரவுக்காகவே, அவசர அவசரமாக அச்சடித்த புத்தகங்களை நானும் பார்த்திருக்கிறேன். புத்தகங்களைத் தேர்ந்தெடுக்கும் முறை சரியானால் அது சரியாகும். 2024-இல் பதிப்பாளர்களின் விண்ணப்பம் இணையவழிக்கு வந்தது நல்ல தொடக்கம். ஆனால் பணத்தை வெட்டினால் அந்தப் புத்தகங்கள் மட்டும் நிற்பதில்லை.

ஒரு கணக்கு சொல்கிறேன். பிழைதிருத்தம், பக்க வடிவமைப்பு, அட்டை எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு புத்தகத்துக்கு 30,000 ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆணையை நம்பி 1200 பிரதி போட்டால் பிரதிக்கு 25 ரூபாய். ஆணை இல்லாமல் 200 பிரதிதான் என்றால் 150 ரூபாய். காகிதமும் அச்சுக்கூலியும் தனி. நூலகத்துக்கு நெடுங்காலமாகப் பாரக் கணக்கில்தான் விலை வைத்தார்கள், அதாவது 16 பக்கத்துக்கு இவ்வளவு என்று. அதில் பெரிய லாபம் கிடையாது. ஆனால் அந்த ஆணை இருப்பதால்தான் கடையில் நீங்கள் வாங்கும் பிரதியின் விலை கைக்கு அடக்கமாக இருக்கிறது. வட்டார வழக்குச் சொல்லகராதி, நாட்டார் பாடல் தொகுப்பு போன்றவை கடையில் மாதம் இரண்டு பிரதி போனால் பெரிய விஷயம். ஆணை இல்லாவிட்டால் பதிப்பாளர் முதலில் கைவிடுவது இவற்றைத்தான்.

பதிப்பாளராவது வேறு ஏதாவது செய்து சமாளிப்பார். என் கவலை அவருக்குப் பின்னால் இருப்பவர்களைப் பற்றியது. என் முதல் தொகுப்பைக் கட்டியது திருவல்லிக்கேணியில் ஒரு பைண்டிங் கடை. மாடியில் ஒரே ஒரு நீள அறை. எட்டுப் பெண்கள் தரையில் உட்கார்ந்து, அச்சான தாள்களைப் பாரம் பாரமாக மடிப்பார்கள். மடித்ததை மேஜை மீது வரிசையாக அடுக்கி, அதைச் சுற்றிச் சுற்றி நடந்து ஒவ்வொன்றாக எடுத்துச் சேர்ப்பார்கள். அப்புறம் தையல், பசை, கட்டிங். ஆயிரம் பாரத்துக்கு இவ்வளவு என்று கூலி. ஆயிரம் பிரதி வேலை வந்தால் அந்த வாரம் எட்டுப் பேருக்கும் சாப்பாடு உண்டு. 200 பிரதியென்றால் டிஜிட்டல் அச்சகத்திலேயே ஒட்டி முடித்துவிடுகிறார்கள், இந்த மாடிக்கு வருவதே இல்லை. போன தை மாதம் போனபோது இரண்டு பேர்தான் இருந்தார்கள். பில் புக் தைத்துக்கொண்டிருந்தார்கள். “புஸ்தக வேலை இருந்தா சொல்லுங்க சார்” என்றார் ஓர் அம்மா. என்னிடம் பதில் இல்லை.

பேப்பர் ஏஜெண்ட் கதையும் இதுதான். எனக்குத் தெரிந்த ஒருவர் கிளை நூலகத்துக்கு தினமும் ஆறு நாளிதழ் போடுகிறார். நிறுவனத்துக்குக் கைக்காசைக் கட்டிவிட்டு, பில் பணத்துக்காக மாதக்கணக்கில் காத்திருக்கிறார். நிதி இறுகினால் நிலுவையில் முதலில் விழுவது இவருடைய பில்தான். தொகை சின்னது, கேட்க ஆள் இல்லை. அவர் பேப்பரை நிறுத்திவிட்டால், காலையில் கதவு திறப்பதற்கு முன்பே வாசலில் வந்து உட்காரும் பெரியவர்கள் என்ன செய்வார்கள்?

சரி, ‘அரசை நம்பி’ என்கிறீர்களே, அது யார் பணம்? நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் போன்றவர்களின் உழைப்பால் 1948-இல் வந்த பொது நூலகச் சட்டம் நூலக வரியைக் கொண்டுவந்தது. இன்று சொத்துவரியில் ரூபாய்க்கு 10 காசு. உள்ளாட்சிகள் அதை வசூலித்து மாவட்ட நூலக ஆணைக்குழுவிடம் ஒப்படைக்க வேண்டும். பாக்கி நிற்கிறது என்ற செய்தி ஆண்டுதோறும் வந்துகொண்டுதான் இருக்கிறது. பதிப்பாளரும் பைண்டரும் ஏஜெண்டும் எதிர்பார்ப்பது அரசின் தயவை அல்ல. புத்தகம் வாங்கித் தரச்சொல்லி நீங்களும் நானும் ஏற்கெனவே கொடுத்துவிட்ட பணத்தைத்தான்.

உங்கள் வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். நூலக வரி எவ்வளவு கட்டியிருக்கிறீர்கள் என்று எனக்கு எழுதுங்கள். அப்படியே, உங்கள் ஊர் நூலகத்துக்கு இந்த ஆண்டு எத்தனை புதுப் புத்தகம் வந்தது என்று நூலகரிடம் கேட்டு அதையும் எழுதுங்கள்.

அன்புடன்.