புயலுக்குப் பிறகு மரம் அறுக்க நல்ல செயின்சா எது?

திருவொற்றியூர் குடியிருப்பில் விழும் புங்கன், தூங்குமூஞ்சிக் கிளைகளை வெட்டப் பல வருடம் உழைக்கும் மெஷின் கேட்டிருந்தீர்கள். 45 முதல் 50 சிசி எஞ்சின், 16 அல்லது 18 அங்குல பார் (செயின் சுற்றி ஓடும் நீளத் தகடு) போதும். சின்ன எஞ்சினில் 22 அங்குல பார் மாட்டி விற்பதை வாங்காதீர்கள். எஞ்சின் திணறும், கிளட்ச் சீக்கிரம் தேயும்.

கிராங்க்கேஸ், அதாவது எஞ்சினின் அடிக்கூடு, மெக்னீசியத்தில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மெஷின் உதறினால் செயினைச் சட்டென நிறுத்தும் செயின் பிரேக் கட்டாயம் வேண்டும். பாருக்கும் செயினுக்கும் எண்ணெய் விடும் ஆயில் பம்ப், செயினைச் சுழற்றும் பல்சக்கரமான ஸ்பிராக்கெட், கார்புரேட்டர் பழுதுபார்க்கும் கிட் மூன்றும் கடையில் கையிருப்பு இருக்கிறதா என்றும் கேளுங்கள். பிராண்டு பெயரைவிட இதுதான் மெஷினின் ஆயுளைத் தீர்மானிக்கிறது.

நம்மூரில் இந்த மெஷின்கள் பெரும்பாலும் ஓடிக் கெடுவதில்லை, சும்மா கிடந்துதான் கெடுகின்றன. பெட்ரோலில் கலந்த எத்தனால் ஈரத்தை இழுக்கும்; மாதக்கணக்கில் டேங்கில் நின்றால் கார்புரேட்டரில் உள்ள டயாஃப்ரம் என்ற மெல்லிய சவ்வு விறைத்துவிடும், கயிறு இழுத்தாலும் ஸ்டார்ட் ஆகாது. எனவே வேலை முடிந்ததும் டேங்கைக் காலி செய்து, தானாக அணையும்வரை ஓடவிடுங்கள். பெரும்பாலான மாடல்களுக்குக் கலவை 50:1, அதாவது லிட்டருக்கு 20 மில்லி டூ ஸ்ட்ரோக் ஆயில். ஆயில் குறைந்தால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும்.

கடற்காற்றில் செயின் துருப்பிடிக்கும், கழற்றி எண்ணெயில் ஊறப்போடுங்கள். பாருக்குக் கழிவு எஞ்சின் ஆயில் வேண்டவே வேண்டாம், அதிலுள்ள இரும்புத்தூள் பம்பை அரித்துவிடும்.