பிரசல்ஸ் மேசையில் யார் யார்? ஐரோப்பிய சமூக உரையாடல் பற்றிய கேள்வி பதில்

ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: இங்கே தொழிலாளர் துறை அதிகாரி முன்னிலையில் முத்தரப்புப் பேச்சுவார்த்தை நடக்கிறதே, அதுதானா இந்த ஐரோப்பிய சமூக உரையாடலும்?

பதில்: பாதிதான். நம் ஊரில் பிரச்சினை வெடித்த பிறகுதான் அதிகாரி இரு தரப்பையும் கூப்பிடுவார். அங்கே சட்டம் எழுதும் முன்பே கூப்பிட வேண்டும். தொழிலாளர் விஷயத்தில் ஐரோப்பிய ஆணையம் (ஐரோப்பிய ஒன்றியத்தில் சட்ட வரைவுகளை முன்வைக்கும் அமைப்பு) சட்டம் கொண்டுவர நினைத்தால், முதலாளிகள் அமைப்புகளிடமும் தொழிற்சங்கங்களிடமும் இரண்டு முறை கருத்துக் கேட்டாக வேண்டும். அப்போது அவர்கள் "ஒதுங்குங்கள், நாங்களே பேசி முடிக்கிறோம்" என்று சொல்லலாம். ஒன்பது மாதம் அவகாசம். உடன்பாடு வந்தால், அதையே ஐரோப்பிய ஒன்றியச் சட்டமாக்கும்படி கேட்கலாம். 1995இல் பெற்றோர் விடுப்பு ஒப்பந்தம் அப்படி வந்ததுதான். தாய்க்கும் தந்தைக்கும் தனித்தனியே குறைந்தது 3 மாதம் என்றிருந்தது, 2009இல் 4 மாதமானது.

கேள்வி: முதலாளிகள் எதற்கு இதற்கெல்லாம் ஒத்துக்கொண்டார்கள்? நல்ல மனசா?

பதில்: பயம்தான் காரணம். 1985 ஜனவரி 31 அன்று, ஆணையத்தின் தலைவராகப் பதவியேற்ற அதே மாதத்தில், ஜாக் டெலோர் இரு தரப்பையும் பிரசல்ஸ் அருகே வால் டூஷெஸ் மாளிகைக்கு அழைத்தார். வந்தார்கள், பேசினார்கள், பிறகு சில ஆண்டுகள் கூட்டறிக்கைகளாக வெளியிட்டார்கள். யாரையும் கட்டுப்படுத்தாத காகிதங்கள். 1991இல், ஐரோப்பிய ஒன்றியத்தைப் பிறப்பித்த மாஸ்ட்ரிக்ட் ஒப்பந்தம் உருவானபோதுதான் நிலைமை மாறியது. தொழிலாளர் சட்டங்களைப் பெரும்பான்மை வாக்கிலேயே நிறைவேற்றும் வழி திறக்கப்போகிறது என்று தெரிந்தது. யாரோ எழுதும் சட்டத்துக்குத் தலையாட்டுவதைவிட, பேனாவில் ஒரு கை நமதாக இருக்கட்டும் என்று, இந்த முறையை மாஸ்ட்ரிக்டில் சேர்க்கச் சொல்லும் உடன்பாட்டில் அக்டோபர் 31 அன்று முதலாளிகள் தரப்பும் கையெழுத்துப் போட்டது. பிரதமர் ஜான் மேஜரின் பிரிட்டன் மாஸ்ட்ரிக்டின் இந்தத் தொழிலாளர் பகுதியிலிருந்து ஒதுங்கி நின்றது. 1997இல் டோனி பிளேர் பிரதமராக வந்த பிறகே சேர்ந்தது.

கேள்வி: என் தங்கை ஜெர்மனியில் நர்ஸ். அவளுக்கு இதனால் என்ன?

பதில்: அவர் கையிலேயே இருக்கிறது. நோயாளிக்குப் போட்ட ஊசிக்கு மறுபடி மூடி போடும்போது விரலில் குத்திக்கொள்வது மருத்துவமனைகளில் பழைய ஆபத்து. ஹெபடைடிஸ், எச்ஐவி எல்லாம் அந்த வழியில் வரலாம். 2009 ஜூலையில் மருத்துவமனை நிர்வாகங்களின் ஐரோப்பிய அமைப்பும் பொதுச் சேவைத் தொழிற்சங்கக் கூட்டமைப்பும் ஓர் ஒப்பந்தம் போட்டன. மூடியை மறுபடி போடுவதற்குத் தடை. ஊசி போடும் இடத்துக்குப் பக்கத்திலேயே, அடையாளமிட்ட பாதுகாப்பான கழிவுப் பெட்டி. தடுப்பூசி இருக்கும் நோய்க்கு அதை இலவசமாகப் போட வேண்டும். 2010இல் இது ஒன்றியச் சட்டமானது. இந்த முறையில் எனக்கு மிகவும் பிடித்த விளைவு இதுதான். வார்டில் நின்று வேலை பார்த்தவர்களுக்குத்தான் அந்த மூடி விவகாரம் தெரியும்.

கேள்வி: ஒப்பந்தம் போட்டாலே சட்டமாகிவிடுமா?

பதில்: அப்படித்தான் எல்லோரும் நினைத்தார்கள். 2012இல் முடிதிருத்துவோர் துறையில் ஓர் ஒப்பந்தம்: சாயம் பூசும்போது கையுறை, வழுக்காத காலணி, இப்படி. கிண்டல் செய்தவர்கள் கிண்டல் செய்ய, ஆணையம் அதைச் சட்டமாக்க முன்வரவில்லை. தலை அலசி அலசித் தோல் வெடித்துத் தொழிலையே விடுபவர்களுக்கு அது கிண்டல் அல்ல. பிறகு, அந்தந்த நாட்டு மத்திய அரசு ஊழியர்களிடம் தகவல் சொல்லிக் கலந்தாலோசிக்கும் உரிமை பற்றி 2015இல் எட்டிய உடன்பாட்டையும் 2018இல் ஆணையம் மறுத்தது. சங்கம் வழக்குப் போட்டது. முன்வைப்பதா வேண்டாமா என்பது ஆணையத்தின் விருப்பம் என்று 2021 செப்டம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் சொல்லிவிட்டது. என் பார்வையில், அன்றைக்கே இந்த மேசையின் ஒரு கால் ஆட்டம் கண்டுவிட்டது. சட்டமாகுமா என்பதே உறுதியில்லாதபோது விட்டுக்கொடுத்துப் பேச யாருக்கு மனசு வரும்?

கேள்வி: வீட்டிலிருந்து வேலை?

பதில்: 2002 ஒப்பந்தம் உண்டு, சட்டமாக்காமல் இரு தரப்பும் தாங்களே நடைமுறைப்படுத்துவது. அதைப் புதுப்பித்து, வேலை நேரம் முடிந்தால் போனை எடுக்காதிருக்கும் உரிமையையும் சேர்க்க நடந்த பேச்சு 2023 நவம்பரில் முறிந்தது.

கேள்வி: சம்பளம் பற்றிப் பேசுவார்களா?

பதில்: இந்த வழியில் முடியாது. சம்பளம், சங்கம் சேரும் உரிமை, வேலைநிறுத்தம், கதவடைப்பு நான்கையும் ஒன்றியத்தின் ஒப்பந்தமே விலக்கி வைத்திருக்கிறது. அது அந்தந்த நாட்டுக் கூட்டு பேரத்தின் வேலை. ஸ்வீடனில் குறைந்தபட்சக் கூலிச் சட்டமே கிடையாது; பத்தில் ஒன்பது தொழிலாளர் அளவுக்குக் கூட்டு ஒப்பந்தத்தில் வருகிறார்கள். அதில் கையெழுத்திட டெஸ்லா மறுத்ததும் 2023 அக்டோபர் 27 முதல் மெக்கானிக்குகள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். துறைமுகத் தொழிலாளர்கள் கார்களை இறக்கவில்லை. தபால் ஊழியர்கள் டெஸ்லாவின் நம்பர் பிளேட்டுகளைக் கொண்டுபோய்க் கொடுக்க மறுத்தார்கள். இரண்டு ஆண்டு கடந்தும் கையெழுத்து விழவில்லை.

கேள்வி: நாடு முழுக்க இப்படிப் பேசி, பிறகு கைவிட்ட இடம் உண்டா?

பதில்: அயர்லாந்து. 1987இல் கடனில் மூழ்கியிருந்தபோது அரசு, முதலாளிகள், சங்கங்கள் மூன்றும் உட்கார்ந்து, சம்பள உயர்வு மிதமாக இருக்கட்டும், பதிலுக்கு வருமான வரி குறையட்டும் என்று முடிவு செய்தன. இருபது ஆண்டுகளுக்கு மேல் ஒப்பந்தத்துக்குப் பின் ஒப்பந்தம் என்று ஓடியது. வங்கிகள் கவிழ்ந்ததும் பங்குபோடப் பணமில்லை. 2009 டிசம்பரில் பேச்சு முறிந்து, அரசு ஊழியர் சம்பளத்தைச் சட்டம் போட்டே வெட்டினார்கள். 2010இல் மறுபடி ஓர் உடன்பாடு வந்தது, டப்ளினின் குரோக் பார்க் விளையாட்டரங்கில் பேசி முடித்தது. அது அரசு ஊழியருக்கு மட்டும். தனியார் முதலாளிகள் அந்த மேசையில் இல்லை.