தொற்றுக்குப் பின் சென்னை: கடையும் பயணமும் (கேள்வி பதில்)

நகரச் சந்தைகளையும் பொதுப் போக்குவரத்தையும் நெடுங்காலமாகக் கவனித்து வருபவன் என்ற முறையில், உறுப்பினர்களின் கேள்விகளுக்கு விடை எழுதுகிறேன்.

கேள்வி: பெரம்பூரில் எங்கள் தெருவுக்கு முன்பு தள்ளுவண்டி மட்டுமே வரும். இப்போது லோடு ஆட்டோவில் காய்கறி வருகிறது. கொரோனாதான் காரணமா?

பதில்: பெரும்பாலும் ஆம். 2020 ஏப்ரல் 26 முதல் நான்கு நாள் முழு ஊரடங்கு என்ற அறிவிப்பு வந்ததும் அதற்கு முந்தைய நாள் கோயம்பேடு மொத்தச் சந்தையில் பெருங்கூட்டம் திரண்டது. பிறகு அச்சந்தையே தொற்று மையமாகி, மே 5 அன்று மூடப்பட்டு, மொத்தக் காய்கறி வியாபாரம் நகருக்கு வெளியே உள்ள திருமழிசைக்குப் போனது. செப்டம்பர் 28 அன்றுதான் அது கோயம்பேட்டுக்குத் திரும்பியது. மாநகரப் பேருந்தும் ஓடாத அந்த மாதங்களில், விடியற்காலையில் இரண்டு மூட்டை வாங்கி வந்து விற்ற தள்ளுவண்டிக்காரரால் திருமழிசை வரை போய்வர இயலவில்லை; சவாரி இழந்து நின்ற லோடு ஆட்டோக்காரரால் முடிந்தது. 2021 மே 24 முதல் கடைகளே மூடப்பட்டபோது, காய்கறியை வாகனங்களில் தெருத்தெருவாகக் கொண்டு செல்ல அரசே ஏற்பாடு செய்தது. தெருவாசிகளுக்கு அது பழகிவிட்டது. இதில் இழந்தவர் தள்ளுவண்டிக்காரர் என்பதை மறந்துவிடக் கூடாது.

கேள்வி: கீரைக்காரம்மாவும் க்யூஆர் அட்டை வைத்திருக்கிறார். இதுவும் தொற்றின் விளைவுதானே?

பதில்: பாதி மட்டும். யுபிஐ 2016இல் வந்தது; வணிகரிடம் அதற்குக் கட்டணம் பிடிக்கக் கூடாது என்ற விதி 2020 ஜனவரியில், ஊரடங்குக்கு முன்பே, நடைமுறைக்கு வந்தது. 2020 ஏப்ரலில் பரிவர்த்தனைகள் குறைந்து நூறு கோடிக்குச் சற்றுக் கீழே இறங்கின. அக்டோபரில் இருநூறு கோடியைத் தாண்டின. பணத்தாளைத் தொட அஞ்சிய மாதங்கள் வேகம் கொடுத்தன, வழியை முன்பே போட்டிருந்தார்கள். எதற்கும் தொற்றைக் காரணம் சொல்லுமுன் தேதியைப் பாருங்கள்.

கேள்வி: வருமானம் இழந்ததால்தானே பெண்கள் பேருந்துக்குத் திரும்பினார்கள்?

பதில்: மறுபடியும் தேதியைப் பாருங்கள். சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் 2021 மே 8 அன்று தொடங்கியது. இரண்டே நாளில் முழு ஊரடங்கு வந்து பேருந்துகள் நின்றன. சென்னையில் ஜூன் 21 அன்றுதான் மீண்டும் ஓடின. ஊரடங்குத் தளர்வும் இலவசமும் ஒரே நாளில் கைக்கு வந்ததால், இரண்டையும் ஒன்றாகக் குழப்புகிறோம்.

அவரே மீண்டும்: வீட்டில் பணம் இருந்திருந்தால் இலவசப் பேருந்துக்காக யார் காத்திருப்பார்கள்? நீங்கள் வறுமையை மறைக்கிறீர்கள்.

பதில்: மறைக்கவில்லை. வருமான இழப்பு மட்டுமே காரணமென்றால், அதே வீட்டு ஆண்களும் அதே அளவில் பேருந்துக்கு வந்திருக்க வேண்டும். நான் பேசிய ஆண்கள் பலர் கடன் வாங்கியாவது டூ வீலருக்கு மாறியிருந்தார்கள். புறநகர் மின்ரயிலில் 2020 டிசம்பர் 23 முதல் பொதுமக்களை அனுமதித்தபோதும், நெரிசல் நேரத்தில் ஆண்களுக்கு அனுமதி இல்லை. ஒன்பது மணி வேலைக்குப் போகிறவர் வேறு என்ன செய்வார்? ஆனால் உங்கள் வாதத்தில் ஓர் உண்மை உண்டு. வீட்டுவேலைக்குப் போகும் பெண் சொகுசுப் பேருந்துகளை விட்டுவிட்டு வெள்ளைப் பலகை வைத்த சாதாரணக் கட்டணப் பேருந்துக்காக வெயிலில் நிற்கிறார் என்றால், அவருக்குப் பத்து ரூபாயும் பெரிது. அதை நான் மறுக்கவே இல்லை. அந்தப் பத்து ரூபாய் மிச்சமானதால் அவர் தொலைவிலுள்ள வீட்டிலும் வேலை பிடிக்க முடிந்தது என்பதையும் சேர்த்துப் பாருங்கள் என்கிறேன்.

கேள்வி: மெட்ரோவில் கூட்டம் கூடியது தொற்று அச்சத்தால்தானே?

பதில்: இதே போன்ற கேள்வியை இன்னும் நால்வர் கேட்டிருக்கிறார்கள், அனைவருக்கும் ஒரே விடை. 2021 பிப்ரவரி 22 அன்று மெட்ரோவின் அதிகபட்சக் கட்டணம் 70 ரூபாயிலிருந்து 50 ரூபாயாகக் குறைந்தது. அதைக் கணக்கில் எடுக்காமல் கேட்காதீர்கள்.

கேள்வி: மளிகை வாங்க எந்தச் செயலி நல்லது?

பதில்: என் துறையன்று. தெருமுனை மளிகைக்காரரிடம் வாட்ஸ்அப்பில் பட்டியல் அனுப்பினால் அவரே பையனிடம் கொடுத்தனுப்புகிறாரா என்று முதலில் கேளுங்கள்.