மார்பில் கேன்சர் என்று ரிப்போர்ட் வந்துவிட்டது, அடுத்த மாதம் கீமோ. தோட்டத்தில் இருந்துகொண்டு இதை எப்படித் தாங்குவது?

தங்கச்சி, மகளைத் தட்டச் சொல்லி நீங்கள் கேட்டிருப்பதைப் படித்தேன். வயது 41, தலவாக்கலைப் பக்கம் தேயிலைத் தோட்டம், கொழுந்து எடுக்கிற வேலை, இடது மார்பில் கட்டி, ஊசி குத்திப் பார்த்ததில் கேன்சர், கண்டியில் கீமோ. பயத்தை எப்படித் தாங்குவது, லயத்து வரிசை வீடுகளில் என்ன சொல்வது, இனி மலைக்கு வேலைக்குப் போக முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் பொகவந்தலாவைக்காரி. எனக்கும் இதே வியாதி வந்து ஒரு பக்கத்தை எடுத்துவிட்டார்கள், இப்போது ஒரு கடையில் கணக்கு எழுதிக்கொண்டு, தினம் மாத்திரை போட்டுக்கொண்டு நன்றாகத்தான் இருக்கிறேன். டொக்டர் இல்லை, அதை மனதில் வைத்துப் படியுங்கள்.

லயத்தில் என்ன சொல்வது என்பதை முதலில் எடுக்கிறேன். மருந்து ஏற ஆரம்பிப்பதற்கு முந்தின இந்த நாட்களில் வியாதி ஆளை அவ்வளவாக ஒன்றும் செய்யாது, சுற்றியிருக்கிற வாய்கள்தான் ஆளைத் தின்னும். ஒரு காம்பராவில் இருமினால் அடுத்த காம்பராவில் கேட்கிற இடத்தில் இதை மறைக்க முடியாது, மறைக்கப் போய் அந்தப் பாரத்தையும் சேர்த்துச் சுமக்க வேண்டாம். ஆனால் யார் சொல்வது, எவ்வளவு சொல்வது என்பது உங்கள் கையில்தான் இருக்கிறது. உங்களுக்காகப் பேச ஒரே ஒரு ஆளை வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு என் நாத்தனார். தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில் யாராவது என் கதையை எடுத்தால் "மருந்து ஏறுது, நல்லா இருக்கா, வேற என்ன தெரியணும் ஒனக்கு?" என்று கேட்டு முடித்துவிடுவாள். இஸ்தோப்பில் (முன் திண்ணையில்) வந்து உட்கார்ந்து அழுகிறவர்களையும் அவளே தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிடுவாள். நம் வியாதிக்கு வந்து அழுகிறவர்களை நாமே தேற்ற வேண்டியிருக்கிறதே, அது பெரிய கொடுமை, அந்த வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ளாதீர்கள்.

வருகிறவர்கள் யோசனையும் கொண்டு வருவார்கள். ஊசி குத்தியதால் பரவிவிட்டது, கத்தி பட்டால் இன்னும் பரவும் என்பார்கள். அப்படி இல்லை, அந்த ஊசிப் பரிசோதனை இல்லாமல் எந்த மருந்து கொடுப்பது என்றே டொக்டர்மாருக்குத் தெரியாது. யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள், கோடாங்கியிடம் போ என்பார்கள். மாரியம்மனுக்கு நேர்ந்துகொள்ளுங்கள், நானும் நேர்ந்துகொண்டேன், ஆனால் கிளினிக் தேதியைத் தள்ளிப்போடு என்கிற சாமி நமக்கு வேண்டாம். கீமோ நடக்கும்போது கசாயம், வேர், பொடி எதையும் டொக்டரிடம் சொல்லாமல் குடிக்காதீர்கள், சிலது ஈரலைக் கெடுக்கும், சிலது மருந்தோடு சண்டை போடும். அப்புறம், யாராவது உங்கள் கோப்பையைத் தனியாக எடுத்து வைத்தால் சும்மா இருக்காதீர்கள். இது தொற்றுகிற வியாதி இல்லை, பிள்ளைகளோடு ஒரே தட்டில் சாப்பிடலாம். இலங்கைப் பெண்களுக்கு வருகிற புற்றுநோய்களில் இதுதான் அதிகம், நீங்கள் ஏதோ பாவம் செய்து தனியாக மாட்டிக்கொண்ட ஆள் இல்லை.

சரி, பயம். அது போகாது, போக வேண்டும் என்று எதிர்பார்க்கவும் வேண்டாம். எனக்கு ராத்திரியில்தான் வரும், விடிந்து அடுப்பு மூட்டியதும் கொஞ்சம் குறையும். உதவியது ஒன்றுதான்: வெறும் "கேன்சர்" என்று நினைத்துப் பயப்படுவதை விட்டுவிட்டு, எனக்கு வந்திருப்பது எந்த வகை, என்ன மருந்து, எத்தனை தடவை என்று கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஊசி குத்திப் பார்த்த பயாப்ஸி ரிப்போர்ட்டில் கட்டியின் வகையைச் சொல்கிற ஈஆர், பிஆர், ஹெர்2 என்று மூன்று இருக்கும். முதல் இரண்டில் ஒன்றாவது பொசிட்டிவ் என்றால் கட்டி ஹோர்மோனைத் தின்று வளர்கிறது, அதற்கு கீமோ எல்லாம் முடிந்த பிறகு டமொக்ஸிஃபென் போன்ற மாத்திரையை 5 வருடமோ அதற்கு மேலோ போடச் சொல்வார்கள். ஹெர்2 பொசிட்டிவ் என்றால் அதற்கென்றே ஊசி இருக்கிறது. ஆபரேஷனுக்கு முன்பே கீமோ என்றதும் "வெட்ட முடியாத அளவுக்கு முற்றிவிட்டதோ" என்று நினைக்காதீர்கள். கட்டியைச் சுருக்கி, பிறகு குறைவாக வெட்டுவதற்காகவும் அப்படிச் செய்வார்கள். என்ன காரணம் என்று கேளுங்கள், கேட்கிற உரிமை உங்களுக்கு இருக்கிறது.

கேட்பது என்றதும் சிங்களம் வந்து நிற்கும். ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் எனக்கு டொக்டர் என்னமோ சொன்னார், நான் "ஹரி, ஹரி" (சரி, சரி) என்று தலையாட்டிவிட்டு வெளியே வந்து அழுதேன். தோட்டத்துப் பெண் என்றால் விளங்காது என்று அவர்களும் சுருக்கிவிடுகிறார்கள். ஆகவே சிங்களம் பேசுகிற ஒருவரை முதல் கிளினிக்குக்காவது கூட்டிப் போங்கள். மகளுக்குச் சிங்களம் வரும் என்றாலும், சின்னப் பிள்ளையின் வாயால் அம்மாவின் வியாதியைச் சொல்ல வைக்காமல் பெரிய ஆள் யாரையாவது பாருங்கள். கேள்விகளைக் கொப்பியில் எழுதிக் கொண்டு போங்கள். கிளினிக் கொப்பியையும் ரிப்போர்ட்களையும் ஒரே பையில் போட்டு நீங்களே வைத்திருங்கள், வீட்டுக்காரரிடம்கூடக் கொடுக்க வேண்டாம்.

கீமோவுக்கு முன் இருக்கிற நாட்களில் பல்லைக் காட்டிவிடுங்கள், சொத்தை இருந்தால் இப்போதே பார்க்க வேண்டும், பிறகு வாய் புண்ணாகும்போது தாங்காது. வெற்றிலை போடுகிற பழக்கம் இருந்தால் இன்றோடு விடுங்கள். இன்னொன்றைக் கூச்சப்படாமல் சொல்ல வேண்டும்: பிள்ளை வராமல் இருக்க மூன்று மாத ஊசி போடுகிறீர்களா, கையில் தோலுக்கடியில் அதற்கான குச்சி வைத்திருக்கிறீர்களா, அதை டொக்டரிடமும் மிட்வைஃபிடமும் சொல்லிவிடுங்கள். அதில் இருப்பதும் ஹோர்மோன், இந்த வியாதிக்கு ஆகாது, ஹோர்மோன் இல்லாத வேறு வழி தருவார்கள். கீமோ நேரத்தில் பிள்ளை உண்டாகவும் கூடாது.

மருந்தில் சிவப்பாக ஒன்று உண்டு, அது ஏறினால் ஒன்றிரண்டு நாள் மூத்திரம் சிவப்பாகப் போகும், இரத்தம் இல்லை, பயப்படாதீர்கள். அந்த மருந்துக்கு இரண்டு மூன்று கிழமையில் முடி கொட்டும். நான் கொட்டுவதற்கு முன்பே குட்டையாக வெட்டிவிட்டேன், தலையணையில் நீள முடியாகப் பார்ப்பதைவிட அது மேல். எல்லாம் முடிந்தபின் முளைக்கும். கண்டியிலிருந்து திரும்புகிற பஸ்தான் எனக்குப் பெரிய வேதனையாக இருந்தது. ரம்பொடைப் பக்கம் வந்தாலும் கினிகத்தேனைப் பக்கம் வந்தாலும் வளைவுதான், வாந்தி மாத்திரையை எப்போது போட வேண்டும் என்று மிஸ்ஸியிடம் (நர்ஸிடம்) கேட்டு, ஜன்னல் பக்கம் சீட் பிடியுங்கள். முடிந்தால் அன்றிரவு கண்டியிலோ கம்பளையிலோ சொந்தக்காரர் வீட்டில் தங்கிவிட்டு வாருங்கள்.

விளையாட்டாக எடுக்கக் கூடாதது காய்ச்சல். மருந்து ஏறி ஒரு கிழமையிலிருந்து இரண்டு கிழமைக்குள் வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும். அந்த நேரம் காய்ச்சல் 38 பாகைக்கு, பழைய கணக்கில் 100.4க்கு வந்தால், பனடோல் போட்டுப் படுத்துவிடாமல் ராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். 1990க்கு அடித்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும். மலை ரோட்டில் நேரமெடுக்கும், அதனால் ஆட்டோக்காரர் ஒருவரிடமும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். ஒரு தேர்மோமீட்டர் கட்டாயம் வேண்டும்.

அரச ஆஸ்பத்திரியில் வைத்தியத்துக்குக் காசு இல்லை, ஆனால் பஸ், சாப்பாடு, வேலைக்குப் போகாத நாட்களின் பேர் (நாள் சம்பளம்) எல்லாம் சேர்ந்து கழுத்தைப் பிடிக்கும். கிராம சேவகர் மூலம் பிரதேச செயலகத்தில் நோயாளர் உதவிக்கு எழுதிக் கொடுங்கள், ஜனாதிபதி நிதியம் பற்றியும் அங்கேயே கேளுங்கள். ஈ.பி.எஃப்.பில் (ஊழியர் சேமலாப நிதியில்) 10 வருடம் சேர்ந்து, கணக்கில் 3 லட்சமாவது இருந்தால், வைத்தியத்துக்காக அதில் 30 வீதம் வரை எடுக்க வழி உண்டு. தோட்டத்து ஒஃபிஸில் உங்கள் நம்பரைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள், பெயரில் ஓர் எழுத்து மாறியிருந்தாலும் அலைய விடுவார்கள்.

இனி மலைக்கு. போக முடியும், என்னோடு கிளினிக் வந்த சிலர் திரும்பப் போனார்கள், ஆனால் உடனே இல்லை, பழைய மாதிரியும் இல்லை. கக்கத்திலிருக்கும் நெறிகளை (நிணநீர் முடிச்சுகளை) எடுத்தால் அந்தப் பக்கக் கை வீங்கலாம், சில நேரம் வருடங்கள் கழித்தும். ஆகவே சொல்லித்தருகிற கைப்பயிற்சியைச் சுவரில் விரலை ஏற்றி ஏற்றித் தினமும் செய்யுங்கள், இல்லாவிட்டால் தோள் இறுகித் தோளுக்கு மேல் கை எழும்பாது. பாரத்தைப் படிப்படியாகத்தான் கூட்ட வேண்டும், எடுத்த எடுப்பில் நிறைந்த சாக்கைத் தூக்காதீர்கள். தேயிலைக் குச்சி கீறினாலும் அட்டை கடித்தாலும் உடனே சோப் போட்டுக் கழுவுங்கள், சிவந்து சூடாக வீங்கினால் அன்றைக்கே மருந்தெடுக்க வேண்டும், அந்தக் கையில் சின்னக் காயமும் பெரிதாகும். முழங்கை வரை உறை போடுங்கள், மற்றவர்கள் சிரித்தால் சிரிக்கட்டும். பாரம் தூக்காத வேலை கொடுக்கச் சொல்லி டொக்டரிடம் லெட்டர் ஒன்று வாங்கி, தோட்டத்தை நடத்துகிற தொரையிடம் கொடுப்பதற்கு முன் ஒரு போட்டோ கொப்பி எடுத்து அந்தப் பையிலேயே வையுங்கள். தொரைமார் மாறுவார்கள், லெட்டர் தொலையும்.